மறு: அடிச்சட்ட வலுவூட்டல் – ஒரே சொல்லுக்குள்ள நாலு வேலையையும் அடைக்க வேணாம்

எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு நாளா இந்த இழையைப் படிச்சிட்டுத்தான் இருக்கேன், எழுதுவோமா வேணாமான்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன். பழைய ஆஃப்ரோடு வண்டி கையேட்டுக்கான சொற்பட்டியல்ல, வண்டியோட ஃப்ரேமை, அதாவது மொத்த வண்டியையும் தாங்குற அடி இரும்பைப் பலப்படுத்துறதுக்கு "சட்ட வலுவூட்டல்"னு முடிவாகப் போகுதுன்னு பார்த்ததும் உக்காந்துட்டேன். நான் மொழி படிச்சவன் இல்ல, வெல்டிங் வேலை பாக்குறவன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

> ஃப்ரேமைப் பலப்படுத்தும் எல்லா வேலைக்கும் "சட்ட வலுவூட்டல்" என்றே வைத்துவிடலாம். மாற்றுக் கருத்து உண்டா?

உண்டு ஐயா. ரெண்டு காரணம்.

முதல் காரணம் சின்னது. "சட்டம்"னு தனியா எழுதினா படிக்கிறவங்க மனசுல முதல்ல வர்றது கோர்ட்டுதான். கோணிப்போன ஃப்ரேமை நேராக்குறதை "சட்டத் திருத்தம்"னு போட்டா என்ன ஆகும்னு பாருங்க. அதுவே கட்டில் சட்டம், ஜன்னல் சட்டம்னு முன்னாடி ஒரு பேரு ஒட்டிட்டா யாருக்கும் குழப்பம் வர்றதில்ல. அதனால எங்க வந்தாலும் "அடிச்சட்டம்"னு முழுசா எழுதுவோம். அதுல முன்னும் பின்னுமா ஓடுற ரெண்டு நீளமான துண்டுக்கு நெடுக்குச் சட்டம், நடுவுல ஏணிப்படி மாதிரி வர்றதுக்கு குறுக்குச் சட்டம். பேச்சுல நெடுக்கு, குறுக்குன்னே சொல்லிக்கலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

ரெண்டாவது காரணம்தான் பெருசு. வலுவூட்டல்ங்கிற ஒரு சொல்லுக்குள்ள பட்டறையில நாலு வேற வேற வேலை நடக்குது, நாலும் வேற வேற நோய்க்கு மருந்து. நெடுக்கு சி சேனலா, அதாவது ஆங்கில C எழுத்து மாதிரி ஒரு பக்கம் திறந்த இரும்பா இருந்தா, அந்தத் திறந்த பக்கத்தை தகடு வச்சு மூடுறது ஒண்ணு. விரிசல் விட்ட இடத்துல மேல ஒரு தகடு வச்சுக் கட்டுறது ஒண்ணு. நெடுக்கும் குறுக்கும் சேர்ற மூலையில முக்கோணமா ஒரு துண்டு கொடுக்கிறது ஒண்ணு. புதுசா ஒரு குறுக்கு சேர்க்கிறது ஒண்ணு. கையேடு படிக்கிற பையன் "வலுவூட்டவும்"னு ஒரு வரியைப் பார்த்தா என்ன செய்வான்? கிடைச்சதுல தடிமனான தகட்டை எடுத்து நாலு பக்கமும் சுத்தி வெல்ட் வச்சிடுவான். வண்டி ஆறு மாசத்துல அந்தத் தகட்டோட ஓரத்துலயே பிளக்கும்.

சி சேனலைக் கையில எடுத்துப் பாருங்க. அதுக்கு முதுகு இருக்கு, மேல ஒரு உதடு, கீழ ஒரு உதடு, ஒரு பக்கம் வாய் திறந்திருக்கு. ஃபிளாஞ்சுக்கு உதடு, வெபுக்கு முதுகு, நான் இப்படித்தான் வேலை கத்துக்க வர்ற பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், ஒரு தடவை சொன்னாப் போதும், மறக்கிறதில்ல. ரெண்டு அச்சுக்கு நடுவுல பாரம் அழுத்துறப்ப மேலுதடு நசுங்கப் பார்க்கும், கீழுதடு இழுபடும், முதுகோட நடுவுல வளைவினால வர்ற தகைவு (இரும்புக்குள்ள ஏறுற அழுத்தம், ஸ்ட்ரெஸ்) கிட்டத்தட்ட இல்லாமப் போயிடும். உதட்டுல ஓட்டை போடாதே, போட்டே ஆகணும்னா முதுகு நடுவுல போடுன்னு சொல்றது அதனாலதான். இந்த வாயை மூடுற வேலையைத்தான் பட்டறையில "பாக்ஸ் பண்றது"ன்னு சொல்றோம்.

இங்க ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், சொல் எதுக்கு மாறணும்னு அதுலயே தெரியும். முதுகு 150 மி.மீ., உதடு 60 மி.மீ., தடிமன் 5 மி.மீ. உள்ள ஒரு சி சேனலை எடுத்துக்கங்க. அதோட வாயை இன்னொரு 5 மி.மீ. தகட்டால முழு நீளத்துக்கும் மூடுறோம். இரும்பு ஏறக்குறைய 55 சதவீதம் கூடுது. மேல கீழ வளையாம நிக்கிற விறைப்பு எவ்வளவு கூடுது? சுமார் 30 சதவீதம், அவ்வளவுதான். ஆனா முறுக்கத்தை எதிர்த்து நிக்கிற விறைப்பு 300 மடங்குக்கு மேல போயிடுது! திறந்த வாய்க்கும் மூடின வாய்க்கும் அவ்வளவு வித்தியாசம், ஏன்னா முறுக்கத்தோட ஓட்டம் ஒரு முழுச் சுத்து சுத்தி வர இப்பத்தான் வழி கிடைக்குது. இது அந்த ஒரு நெடுக்குக்கான கணக்கு, முழு அடிச்சட்டமும் அத்தனை மடங்கு விறைச்சிடாது, குறுக்குகளும் இணைப்புகளும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும்.

இப்ப சொல்லுங்க, இந்த வேலைக்கு வலுவூட்டல்னு பேரு வச்சா சரியா? வலு ஏறினது கொஞ்சம், முறுக்கம் அடங்கினதுதான் மொத்தக் கதையும். ஒரு சக்கரம் பாறை மேலயும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்துலயும் நிக்கிறப்ப பழைய வண்டி துணி பிழியிற மாதிரி முறுக்கிக்கும், கதவு திறக்காது, திறந்தா மூடாது. அதுக்குத்தான் வாயை மூடுறோம். முறுக்கக் கூடாதுங்கிறதும் எல்லா வண்டிக்கும் பொருந்துற விதி இல்ல. யூனிமாக்னு மெர்சிடிஸோட ஆஃப்ரோடு பாரவண்டி இருக்கே, அந்த மாதிரி வண்டியில அடிச்சட்டம் முறுக்கிக்கணும்னே வடிவமைச்சிருக்காங்க, அப்பத்தான் சக்கரங்கள் தரையை விடாம இருக்கும். மேல உக்கார்ற உடலுக்கு அந்த முறுக்கம் போய்ச் சேராத மாதிரி மூணு புள்ளியில தாங்க வச்சிருப்பாங்க. அந்த மாதிரி வண்டிக்கு வாயை மூடினா கெடுதல்தான் செய்வோம். "வலுவூட்டல்"னு பேரு இருந்தா கெடுதல்னு யாருக்குத் தோணும்? வலு கூடினா நல்லதுதானேன்னு போயிடுவாங்க.

> "பெட்டி கட்டுதல்" என்று சொல்லலாமே?

நானும் முதல்ல அதைத்தான் நினைச்சேன் தம்பி. ஆனா பெட்டியைக் கட்டிட்டான்னா ஊரைக் காலி பண்ணிட்டான்னு தான் நம்ம பேச்சுல அர்த்தம். "பெட்டியடைப்பு"ன்னா சாமானைப் பெட்டியில போட்டு அடைக்கிற மாதிரி இருக்கு. பெட்டிங்கிறது வேலை முடிஞ்சப்புறம் கிடைக்கிற வடிவத்துக்கு நல்ல பேரு, அதுக்கு வச்சுக்கலாம். 1948ல வந்த முதல் லேண்ட் ரோவர்ல நாலு பட்டைத் தகட்டை ஒட்டி வெல்ட் பண்ணி நெடுக்கையே பெட்டியாத்தான் செஞ்சாங்க, அதுல வாய்னு ஒண்ணு எப்பவுமே இருந்ததில்ல. அது பெட்டி நெடுக்கு. நாம பேசுறது திறந்த வாயை அப்புறமா மூடுற செயல். அதனால என்னோட முன்மொழிவு: வேலைக்கு "வாயடைப்பு", அதுக்கு வெட்டுற தகட்டுக்கு "அடைதகடு". மடை வாயை அடைக்கிறோம், வாய்க்கால் வாயை அடைக்கிறோம், அதே அடைப்புத்தான்.

அடுத்து, எனக்கு ரொம்ப மனசுக்குப் பட்ட விஷயம்.

> ஃபிஷ் பிளேட் = மீன்தகடு

விரிசல் மேல வச்சுக் கட்டுற தகடுன்னு முன்னாடி சொன்னேனே, அதுக்குத்தான் இந்தப் பேரு. இதை மட்டும் தயவுசெஞ்சு வேணாம். அந்த ஃபிஷ்ங்கிறது மீன் இல்ல. பாய்மரக் கப்பல்ல மரம் விரிசல் விட்டா பக்கத்துல ஒரு கட்டையை வச்சு இறுக்கிக் கட்டுவாங்க, அந்தக் கட்டைக்குத்தான் கப்பல்காரங்க பேச்சுல அந்தப் பேரு, அங்கேயிருந்து தண்டவாளத்துக்கு வந்து அப்புறம் வண்டிக்கு வந்தது. ஒடிஞ்சதுக்குப் பக்கத்துல ஒண்ணை வச்சுக் கட்டுறதுக்கு நம்மகிட்ட சொல் இல்லையா? எலும்பு முறிஞ்சா மூங்கில் பத்தை வச்சுக் கட்டுறோமே. பத்தை! கருத்து அப்படியே அச்சு அசலா இருக்கு, நாலு எழுத்துக்குள்ள முடியுது, வாயில சுலபமா வருது. "விரிசலை மூடி வெல்ட் செய்து, வெளிப்புறம் பத்தை வைக்கவும்." படிச்சதும் கை என்ன செய்யணும்னு தெரியுது.

பத்தைன்னு சொன்னா இன்னொரு நல்லதும் நடக்குது. எலும்புக்குக் கட்டுறவர் பத்தையை முறிவு நீளத்துக்கு மட்டும் வைக்க மாட்டார், ரெண்டு பக்கமும் தாண்டி நீட்டி வைப்பார். அடிச்சட்டத்துக்கும் அதே புத்திதான் வேணும். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பழைய வண்டி வந்துது, ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டுற இடத்துல முன்னாடியே யாரோ வேலை பார்த்திருந்தாங்க. கையளவு சதுரத் தகடு, நாலு பக்கமும் முழு வெல்ட். பார்க்க நல்லாத்தான் இருந்துது. சுரண்டிச் சுத்தம் பண்ணி, விரிசலுக்குள்ள ஊறி அதைக் காட்டிக் கொடுக்கிற செவப்புச் சாயத்தை அடிச்சு, ஊற விட்டு, துடைச்சிட்டு, வெள்ளைப் பவுடர் தெளிப்பானை அடிச்சுட்டு நின்னேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் தகட்டோட பின்பக்க ஓரத்துல, வெல்டை ஒட்டி மேலிருந்து கீழ ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி செவப்பா ஊறி வந்துது பாருங்க, கீழுதட்டுல திரும்பி உள்ள போயிடுச்சு. பழைய விரிசல் தகட்டுக்கு அடியில அசையாம இருக்கு, புது விரிசல் தகடு முடியிற இடத்துல பிறந்திருக்கு. விறைப்பு ஒரே இடத்துல சட்டுனு மாறுது, அதோட நெடுக்குக்குக் குறுக்கா நேர்வெல்ட் வேற, ரெண்டும் ஒரே கோட்டுல சேர்ந்தா இரும்பு வேற என்ன செய்யும்?

அதனால பத்தையோட நுனி நேரா முடியக் கூடாது, சாய்வா கூம்பி முடியணும், இல்லேன்னா உள்பக்கம் வளைச்சு வெட்டணும். இந்த வெட்டுக்கு வேணும்னா மீனைக் கூப்பிட்டுக்கலாம், "மீன்வாய் வெட்டு"ன்னு, ஏன்னா பார்க்கவே மீன் வாயைத் திறந்த மாதிரித்தான் இருக்கும். பத்தைத் தகடு நெடுக்கை விடத் தடிமனா இருக்க வேண்டியதில்ல. உதட்டுக்குக் குறுக்கா வெல்ட் ஓட்டவே கூடாது. வெல்டும் ஒரே மூச்சா ஓட்டாம 25லிருந்து 50 மி.மீ. வரைக்கும் ஒரு துண்டு இங்க, ஒரு துண்டு அங்கன்னு தாண்டித் தாண்டி வைக்கணும், இல்லேன்னா சூட்டுல நெடுக்கே வளைஞ்சிடும். இதுக்கு "விட்டுவிட்டுப் பற்றவைப்பு"ன்னு பட்டியல்ல இருக்கு, நான் "தையல் வெல்ட்"னு கேக்குறேன், ஊசி ஏறி இறங்குற மாதிரித்தானே போகுது.

மூலை முக்கோணத்துக்கு "முட்டு" போதும், சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோமே அதே முட்டு. புதுக் குறுக்கு சேர்க்கிறதுக்கு தனிச்சொல்லே வேணாம், குறுக்கு சேர்க்கவும்னு எழுதினாப் போதும்.

> புறநானூறு 102-இல் "கீழ்மரத்து யாத்த சேமஅச்சு" வருகிறது. "கீழ்மரம்" என்பதையே ஃப்ரேமுக்கு எடுத்துக்கொண்டு, "யாப்பு" என்பதை வலுவூட்டலுக்கு வைத்தால் என்ன?

இதைப் படிச்சப்ப நிஜமாவே சந்தோஷமா இருந்துது ஐயா. பாரம் ஏத்தின உமணர் வண்டி, அதாவது உப்பு வணிகர் வண்டி, பள்ளத்துல இறங்கினாலும் மேட்டுல ஏறினாலும் என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்னு கீழ்மரத்துல ஒரு மாத்து அச்சைக் கட்டிட்டுப் போறாங்க. நம்ம கையேட்டுல இருக்கிற அதே பயம், அதே முன்யோசனை. ஆனா இரும்பைக் கீழ்மரம்னு சொன்னா பட்டறையில மரத்தைத் தேடுவாங்க, யாப்புன்னா செய்யுள்தான் நினைவுக்கு வரும். "சேமம்" மட்டும் எடுத்துக்கலாம், ஸ்டெப்னிக்கு சேமச் சக்கரம்னு, அதுக்கு நான் முழு ஆதரவு.

— — —

> வாயடைப்பு என்றால் ஒருவரைப் பேசவிடாமல் செய்வது என்று படாதா? அதோடு, மூடிய பிறகு உள்ளே தண்ணீர் நின்று துருப்பிடிக்குமே, அதற்குக் கையேட்டில் ஒரு பத்தி இருக்கிறது. தண்ணீர் வடிய விடும் ஓட்டைக்கும் ஒரு சொல் வேண்டும்.

அக்கா, முதல் கேள்வி நியாயமானது. "வாய்ப்பூட்டு"ன்னு வச்சிருந்தா நானே எதிர்த்திருப்பேன், வாய்ப்பூட்டுச் சட்டம்னு ஏற்கனவே ஒரு சொல் நிலைச்சிருக்கு, நமக்கு பக்கத்துலயே அடிச்சட்டம் வேற வருது. வாயடைப்புல அந்த ஆபத்து குறைவு. முதல் தடவை வர்ற இடத்துல "நெடுக்கின் வாயடைப்பு"ன்னு எழுதிட்டா அதுக்கப்புறம் தனியா வந்தாலும் புரிஞ்சிடும்.

ரெண்டாவது கேள்விக்கு ரொம்ப நன்றி, நான் அதை விட்டது தப்பு. சி சேனல்ல சேறு ஏறினா தண்ணி அடிச்சுக் கழுவிடலாம், கண்ணுக்குத் தெரியும். வாயை அடைச்சதும் உள்ள போன சேறு வெளிய வராது, ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உள்ளேயிருந்து தின்னும், வெளியில பெயிண்ட் பளபளன்னு இருக்கும், ஒரு நாள் ஸ்க்ரூடிரைவர் குத்தினா உள்ள இறங்கிடும். அதனால ஒவ்வொரு தாழ்வான இடத்துலயும் ஓட்டை விடணும், உதட்டுல இல்ல, அடைதகட்டோட கீழ்ப்பக்கமா. "வடிதுளை"ன்னு வச்சுக்கலாமா? வடிகால், வடிகட்டி வரிசையில சேர்ந்துக்கும். அடைக்கிறதுக்கு முன்னாடி உள்பக்கம் துரு நீக்கி பூச்சு அடிக்கச் சொல்லி ஒரு வரியும், பேட்டரி வயரைக் கழட்டிட்டுத்தான் வெல்டிங் ஆரம்பிக்கணும்னு ஒரு வரியும் அந்தப் பக்கத்துல சேர்த்துடுங்க. பாரவண்டிகள்ல சிலது சூட்டுப்பதம் பண்ணின நெடுக்கோட வரும், வெல்ட் வைக்காதே, ஓட்டை போடாதேன்னு அதுலயே ஒட்டியிருப்பாங்க, அது இருந்தா இந்த அத்தியாயமே அந்த வண்டிக்கு இல்லைன்னு தலைப்புக்குக் கீழேயே வரணும்.

இன்னும் ஒரே ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன், நீங்கதான் உதவணும். விரிசல் இன்னும் நீளாம இருக்க அதோட நுனியில சின்னதா ஒரு ஓட்டை போடுவோம், கூரான நுனி வட்டமாயிட்டா தகைவு அங்க குவியாம பரவிடும், அதுக்கப்புறம்தான் விரிசலை வி வடிவத்துல கடைஞ்சு வெல்ட் வைப்போம். கண்ணுக்குத் தெரியிற நுனி உண்மையான நுனி இல்ல, சாயம் காட்டுற நுனிதான் நுனி. பட்டியல்ல இப்போதைக்கு "நிறுத்தத் துளை"ன்னு இருக்கு, பஸ் நிறுத்தம் மாதிரி படுது. "தடைதுளை"யா, "நுனித்துளை"யா? நுனித்துளைன்னா எங்க போடணும்னு சொல்லுது, தடைதுளைன்னா எதுக்குப் போடுறோம்னு சொல்லுது. கையில டிரில்லை வச்சுட்டு நிக்கிறவனுக்கு எங்கங்கிறதுதான் முதல்ல தெரியணும்னு எனக்குத் தோணுது. உங்க எண்ணத்தை எழுதுங்க.