கெக்ஸ்2-வும் ஃப்யூரினும்: கத்தரி ஒன்றென்றால் பட்டறையும் ஒன்றா?

ஈஸ்ட்பித்தன்:
நரம்பே இல்லாத ஈஸ்டில், முன்புரதத்தை (ஹார்மோன் அடங்கிய பெரிய புரதம்) வெட்டி ஹார்மோனை எடுக்கும் நொதி இருக்கிறது: கெக்ஸ்2. விலங்கில் அதன் உறவு ஃப்யூரின். ஈஸ்டின் இணைசேர்க்கை ஹார்மோனான ஆல்ஃபா காரணி 13 அமினோ அமிலப் பெப்டைடு (சிறு புரதத் துண்டு). முன்புரதத்தில் அதன் 4 பிரதிகள் வரிசையாக நிற்கின்றன. லைசின்-ஆர்ஜினின் ஜோடிக்குப் பின்னால் கெக்ஸ்2 வெட்டுகிறது. கணையத்தில் கெக்ஸ்2-இன் உறவு நொதிகளான பிசி1/3-உம் பிசி2-உம் புரோஇன்சுலினை (இன்சுலினின் முன்புரதம்) வெட்டுவதும் இத்தகைய காரஜோடியில்தான். 1988-இல் கெக்ஸ்2-ஐப் பாலூட்டிச் செல்லில் வைத்துப் பார்த்தபோது, சுண்டெலியின் பிஓஎம்சி என்ற ஹார்மோன் முன்புரதத்தைச் சரியாக வெட்டியது. ஆகவே இந்த ஹார்மோன் முதிர்விப்புத் தடம் முழுவதுமே பூஞ்சையும் விலங்கும் பிரியும் முன்பே உருவானது.

பசைத்தட்டு:
"முழுவதுமே" என்ற சொல்தான் இடிக்கிறது. வெட்டியபின் வால்முனையில் லைசின்-ஆர்ஜினின் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை யார் நீக்குவது? ஈஸ்டில் கெக்ஸ்1 நொதி, செரின் அமினோ அமிலத்தால் வெட்டும் வகை. விலங்கில் கார்பாக்சிபெப்டிடேஸ் ஈ, துத்தநாகத்தால் வெட்டும் வகை. மடிப்பும் வேறு, வினைமையமும் வேறு. ஒரே வேலைக்கு இரண்டு குடும்பங்களிலிருந்து ஆள் பிடித்திருக்கிறார்கள். அதோடு, கெக்ஸ்1 போனாலும் ஆல்ஃபா காரணி கொஞ்சம் வரும். நான்காவது பிரதிக்குப் பின்னால் நேரே நிறுத்தக் குறியீடு, அங்கே வாலே இல்லை.

ஈஸ்ட்பித்தன்:
கெக்ஸ்1-ஐ விட்டுக்கொடுக்கிறேன். எஸ்டிஇ13-ஐ என்ன செய்வீர்கள்? தலைமுனையில் குளுடமிக்-அலனினை இரண்டிரண்டாகக் கழிக்கும் அந்த ஈஸ்ட் நொதி, விலங்கின் டிபிபி4 நொதிக்கு உறவு. தேனீ நஞ்சின் முன்புரதமான புரோமெலிட்டினில் 22 அமினோ அமில முன்பகுதியை 11 ஜோடியாகக் கழிப்பதும் டிபிபி4 வகைதான்.

பசைத்தட்டு:
அதே டிபிபி4, ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனின் தலையில் ஒரு ஜோடியைக் கழித்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. அங்கே முதிர்விப்பு, இங்கே முறிப்பு. நொதியின் வம்சம் தடத்தின் வம்சத்துக்குச் சாட்சி ஆகாது.

பாசிக்குளம்:
இருவருமே ஈஸ்டையே மூதாதை போலப் பேசுகிறீர்கள். அது சாமான்களை விற்றுத் தீர்த்த வீடு. பெப்டைடின் வாலில் உள்ள கிளைசினை அமைடாக மாற்றும் பிஏஎம் நொதி (செம்பு, அஸ்கார்பேட், ஆக்சிஜன் மூன்றும் தேவை) ஈஸ்டில் கிடையாது. ஆனால் கிளமைடோமோனாஸ் என்ற ஒருசெல் பாசியில் அது வேலை செய்வது 2016-இல் வெளியானது. பாசி பிரிந்தது பூஞ்சை-விலங்குப் பிரிவுக்கும் முன்னால். ஆக, ஈஸ்டில் இல்லை என்பது இழப்பாகவும் இருக்கலாம். கார்பாக்சிபெப்டிடேஸ் வாதத்துக்கும் இது பொருந்தும்: துத்தநாக வகை பாக்டீரியாவிலும் உண்டு. மூதாதையிடம் இரண்டு வகையும் இருந்து, ஆளுக்கொன்றை எடுத்திருக்கலாம்.

பசைத்தட்டு:
நியாயம். அப்படியானால் மரபு மரத்தைப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும், அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். கெக்ஸ்2-இன் வெட்டும் பகுதியான சப்டிலிசின் டொமைனை மட்டும் வைத்துத் தேடினால் பாக்டீரியச் சப்டிலிசின்கள் குவியும். அதோடு, அதை அடுத்து வரும் பி-டொமைனும் சேர்ந்திருக்கும் வரிசைகளைத்தான் கெக்சின் (கெக்ஸ்2, ஃப்யூரின் குடும்பம்) பக்கம் வையுங்கள். சிக்னல் பெப்டைடையும் (புரதத்தைச் சுரப்புப் பாதைக்கு அனுப்பும் தலைத்துண்டு) முன்பகுதியையும் வெட்டி எறியுங்கள், அவை வேகமாக மாறுபவை. ஃப்யூரினில் 108-ஆம் எண்ணிலிருந்துதான் வினைப்பகுதி. பிசிஎஸ்கே9-ஐ இதே கூட்டத்தில் சேர்க்காதீர்கள். பெயரில் ஒற்றுமை, உறவில் புரோட்டினேஸ் கே என்ற வேறு கிளை. மரத்தில் அதன் நீளக்கிளை (மிகவும் மாறிப்போன வரிசை) மற்றவற்றையும் தவறான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

ஈஸ்ட்பித்தன்:
பி-டொமைன் ஏரோமோனாஸ் பாக்டீரியப் புரோட்டியேஸிலும் இருக்கிறதே! அந்த வடிகட்டி அதையும் உள்ளே விடும்.

பசைத்தட்டு:
விடட்டும். வெளிக்குழுவாக (மரத்தின் வேரைக் காட்டும் ஒப்பீட்டு வரிசையாக) வைக்க தூரத்துச் சப்டிலிசினைவிட அதுதான் நல்லது.