ஒரே வீட்டில் மூன்று வீடியோ பெல்: கரண்ட் கொடுத்த அனுபவம்

பாளை, மகாராஜநகர்

தெருவாசல், புறவாசல், மாடிக் குடித்தனத்துக்கான படிக்கட்டு என்று மூன்று இடத்தில் வீடியோ டோர்பெல் வைத்திருக்கிறோம். மூன்றும் ஒயரில் ஓடுகிற வகை. பேட்டரி வகை வேண்டாம் என்றது அம்மாதான். சார்ஜ் போடக் கழற்றி மாட்டுகிற வேலையை யார் பார்ப்பது என்று கேட்டார்கள், நியாயம்தான்.

நம்மூர் வீடுகளில் காலிங் பெல்லுக்கு 230 வோல்ட் நேராகவே வரும், ஸ்விட்சுக்குள் இருப்பது ஃபேஸ். வீடியோ பெல் கேட்பதோ 16 முதல் 24 வோல்ட் ஏசி. அமெரிக்க வீடுகளில் வோல்டைக் குறைத்துக் கொடுக்க, பெல்லுக்கென்றே சின்ன டிரான்ஸ்பார்மர் உண்டு. பெட்டியோடு வரும் படம் அந்த வீட்டை நினைத்து வரைந்தது. பழைய ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அதே இரண்டு ஒயரில் இதை மாட்டினால், பெல் அத்தோடு சரி.

டிரான்ஸ்பார்மருக்கு ஜங்ஷன் பக்கம் ரேடியோ சாமான் கடைக்குப் போனேன். "ஆம்ப்ளிஃபயருக்கா அண்ணாச்சி?" என்று 12-0-12 ஒன்றை எடுத்து வைத்தார். ஓரத்து ஒயர் இரண்டையும் எடுத்தால் 24 வோல்ட், கணக்குக்குச் சரிதான். ஆனால் மீட்டர் வைத்தால் 27 காட்டியது. மேலே எழுதியிருக்கும் வோல்ட் முழு லோடில் கிடைப்பது. சும்மா நிற்கும்போது கூடத்தான் இருக்கும், ஈபி வோல்டேஜ் ஏறினால் இன்னும் கூடும். அதை வைத்துவிட்டு 9-0-9, 2 ஆம்ப் வாங்கினேன். நடு ஒயரை இன்சுலேட் செய்து ஒதுக்கிவிட்டால் ஓரத்து இரண்டில் 18 வோல்ட், ஆகமொத்தம் 36 விஏ (வோல்டையும் ஆம்பையும் பெருக்கினால் வருவது). என் பெல் ஒன்றுக்கு 10 விஏ. பேரலலில் கொடுத்தால் மூன்றுக்கும் அதே 18 வோல்ட்தான், ஆம்ப் மட்டும் கூடும். சீரிஸில் கொடுத்தால் 18 வோல்டை மூன்றும் பங்கு போட்டுக்கொண்டு எதுவுமே எழுந்திருக்காது.

பகலெல்லாம் ஜோராக ஓடியது. இருட்டியதும் தெருவாசல் பெல் மட்டும் அணைந்து அணைந்து உயிர் வந்தது. இருட்டில் கேமராவுக்குப் பார்வை கொடுக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது கரண்ட் கூடுதலாக இழுக்கும். கேட் வரைக்கும் முன்பு யாரோ இழுத்துவிட்டிருந்தது டெலிபோன் ஒயர், அரை மில்லிமீட்டர் கனச் செம்பு. தூரம் 30 மீட்டர், போக வர 60. அதற்கு ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்கு மேல் வரும். 0.6 ஆம்ப் ஓடினால் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 18 கிளம்பி 15க்கும் கீழே போய்ச் சேர்ந்தால் பெல் என்ன செய்யும்? 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் மாற்றியதும் இழப்பு முக்கால் வோல்ட்கூட இல்லை. அதற்கப்புறம் ராத்திரித் தொந்தரவு கிடையாது.

அம்பாசமுத்திரம், ஒயரிங் வேலை

அண்ணாச்சி, கணக்கு சரி. ஆனால் 36 விஏ டிரான்ஸ்பார்மரில் 30 விஏ தொடர்ந்து எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. சித்திரை வெயிலில், மூடின பெட்டிக்குள் அது கொதிக்கும். நான் செய்வது இப்படி: பக்கத்து வாசல் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, தூரத்துக் கேட்டுக்குத் தனியாக ஒன்று. செலவு கொஞ்சம் கூடும்தான், ஆனால் ஒன்று போனால் வீடு முழுக்கக் குருடாகாது. 230 பக்கம் அரை ஆம்ப் ஃபியூஸ் கட்டாயம். பெல் ஒயரை லைட் ஒயர் போகும் பைப்பிலேயே நுழைக்காதீர்கள்.

இன்னொன்று. கேட் ஸ்விட்சுக்கு வந்த பழைய ஃபேஸ் ஒயரை டேப் சுற்றிப் பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் போன வீட்டைப் பார்த்திருக்கிறேன். மழை நனைந்த டேப்புக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கிறது. அதை போர்டிலேயே கழற்ற வேண்டும், கேட்டில் மட்டும் மூடிவைத்தால் போதாது.

தென்காசி

நாங்கள் இருவாசல் வீடு, ஒரே டிரான்ஸ்பார்மர்தான். எங்களுக்குக் கரண்டைவிடச் சாரல்தான் தொல்லை. ஆனி, ஆடியில் காற்றோடு அடிக்கிற சாரல் பெல்லுக்கும் சுவருக்கும் நடுவே இறங்கி, திருகாணி பச்சை பூத்துவிட்டது. வயர்மேன் தம்பி மேல்பக்கமும் இரண்டு ஓரமும் சிலிக்கான் பூசி, அடிப்பக்கத்தை மட்டும் திறந்து விட்டார். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழி வேண்டுமாம். அது சரியாக இருக்கிறது.

டிரான்ஸ்பார்மரை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறோம். எங்களுடையது பழைய ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் டிரான்ஸ்பார்மர் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். சைன்வேவ் இருந்தால் அந்தச் சத்தம் இல்லை என்கிறார்கள். ரவுட்டரையும் அதே லைனில் கொடுங்கள். பெல் உயிரோடிருந்து ரவுட்டர் அணைந்துவிட்டால் போனுக்கு என்ன வரும்?

மீனாட்சிபுரம்

கேட் தூணுக்குள் டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுடையது தண்ணீருக்குள் நின்றது. இப்போது வீட்டுக்குள், தலைக்கு மேல் உயரத்தில்.

வள்ளியூர்

எல்லாம் சரி, வீட்டுக்குள் சத்தம் எப்படி? பழைய டிங்டாங் பெல் சும்மா தொங்குகிறது.

பாளை, மகாராஜநகர்

தம்பி, அது 230 வோல்ட் பெல், இந்த 18 வோல்ட் லைனில் சேர்க்க முடியாது. நாங்கள் பிளக்கில் சொருகுகிற வயர்லெஸ் சைம் (வீட்டுக்குள் ஒலிக்கும் மணி) வாங்கி அடுப்படியில் ஒன்று, தார்சாவில் ஒன்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வாசலுக்கும் வேறு வேறு மணிச் சத்தம் வைத்தால் எந்தக் கதவென்று எழுந்திருக்காமலே தெரியும். ஆனால் ஒயரில் இணைகிற சைம் நடுவே இல்லாமல் டிரான்ஸ்பார்மரோடு நேராக இணைக்கும்போது, சில மாடலுக்கு நடுவே ஒரு ரெசிஸ்டர் போடச் சொல்லியிருப்பார்கள். மேனுவலில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கரண்ட் கொடுங்கள்.