புரட்டாசி விரதமும் 106 கிலோமீட்டரும்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன், வயது 47. அப்பா தவறிய பிறகு ஒரு வருடம் சரியான தூக்கமே இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சைக்கிள்தான் என்னை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தது. விடியற்காலையில் டர்பன் கடற்கரையோரம் மிதித்துவிட்டு வந்தால் அன்று முழுவதும் மனம் லேசாக இருக்கும்.

இந்த அக்டோபரில் அமஷோவா என்ற சைக்கிள் பந்தயத்தில் ஓட்டப் பதிந்திருக்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர். கடலை நோக்கி இறங்குவதுதானே என்பார்கள். வழியில் வரும் இஞ்சாங்கா ஏற்றத்தில் மிதித்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

கடைசி மாதப் பயிற்சி புரட்டாசியில் விழுகிறது. கறி, மீன், முட்டை கிடையாது. விரதத்தை விட எனக்கு மனமில்லை. ஆனால் போன வருடம் அந்த மாதத்தில் மூன்று மணி நேரம் ஓட்டினால் மறுநாளெல்லாம் எரிச்சல், சோர்வு. பழைய இருட்டு திரும்பி வருகிறதோ என்று பயந்துவிட்டேன். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை என்கிறார்கள். நானோ ஒரு வாழைப்பழத்தோடு போய்க்கொண்டிருந்தேன்! சாப்பாடு போதாததுதான் காரணமா, இல்லை ஓய்வில்லாமல் ஓட்டியதா?

விரதத்தோடு நீண்ட தூரம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: வழியில் என்ன சாப்பிட்டீர்கள்? வந்த பிறகு பருப்பும் சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரி ஒரு பயறு) கறியும் போதுமா? வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு எடுத்தீர்கள்? டாக்டரையும் பார்க்கப் போகிறேன். அப்புறம், ஞாயிறு காலையில் சேர்ந்து ஓட்ட யாராவது இருந்தால் எழுதுங்கள். தனியாக ஓட்டும் நாட்களில்தான் மனம் அதிகம் அலைகிறது.