ஊருக்கெல்லாம் எலும்பு ஸ்கேனா, முறிந்தவர்களை முதலில் தேடுவதா?

கெடிலக்கரையான்:
திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மண்டபத்தில் இலவச எலும்பு அடர்த்தி முகாம் நடந்தது. குதிகாலை ஒரு சிறிய கருவிக்குள் வைத்தால் சில நிமிடங்களில் கையில் சீட்டு. வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு ‘எலும்பு பலவீனம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் ஒன்றும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற அரசு, 60 வயது தாண்டிய எல்லோருக்கும் எலும்பையும் பார்க்க வேண்டும். கடலூர் மாவட்டத்திலும் வேண்டும், புதுச்சேரியிலும் வேண்டும். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பாகூர் மகள்:
ஓய்வுபெற்ற செவிலியர் நான். மறுக்கிறேன். குதிகால் கருவியின் சீட்டை வைத்து எலும்புப்புரை, அதாவது அடர்த்தி குறைந்து எலும்பு எளிதில் முறியும் நோய், என்று முடிவு கட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லை, இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு உரியது. அதில் டி மதிப்பெண், அதாவது இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. அதே எல்லையைக் குதிகாலுக்குப் பொருத்தினால் கணக்கு தப்பாகும். அது இருக்கட்டும், மண்டபத்து வாசலில் கால்சியம் டப்பா விற்றார்களா இல்லையா?

நான் கேட்பது வேறு. நின்ற இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட 62 வயதுப் பெண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு அனுப்புகிறோம். அவ்வளவு லேசாக விழுந்ததற்கு எலும்பு ஏன் முறிந்தது என்று யாரும் கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே பெண் இடுப்பு முறிந்து வருகிறார். இப்படி முறிந்து வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, பரிசோதனைக்கும் மருந்துக்கும் சேர்த்துவிடுவதையே வேலையாகக் கொண்ட செவிலியரை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பல ஆண்டுகளுக்கு முன்பே வைத்துவிட்டார்கள். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் அமிலம் என்னும் எலும்புப்புரை மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. புதிய முறிவுகள் 35 விழுக்காடு குறைந்தன, இறப்பு 28 விழுக்காடு குறைந்தது. இருக்கிற பணத்தை முதலில் இங்கே போடுங்கள்.

சந்தேகசாமி:
எங்கள் பாட்டி 90 வயது வரை களை பறித்தார். ஸ்கேனும் இல்லை, ஊசியும் இல்லை. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, வெயில். நோய் இல்லாதவனை நோயாளியாக்கும் வியாபாரம் இது.

பாகூர் மகள்:
ஐயா, கேழ்வரகு நல்லதுதான். நூறு கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. உங்கள் தெருவில் கூன் விழுந்த பாட்டிகள் இருந்தார்களா? வயதானால் கூன் விழும் என்று நினைத்துக்கொண்டோம். அவர்களில் பலருக்கு முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாக நசுங்கியிருந்தன. இடுப்பு முறிந்து, திண்ணையில் படுத்தவர் எழாமலேயே போனதை ‘விழுந்தார், போய்விட்டார்’ என்று முடித்துவிட்டோம். களை பறித்த பாட்டியைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கும்.

கெடிலக்கரையான்:
அம்மா, உங்கள் பதிலே எனக்குச் சாதகமாக இருக்கிறது. முதுகெலும்பு முறிவு பலருக்குத் தெரிவதே இல்லை என்றால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவார்கள்? மணிக்கட்டு முறிந்தவர் எங்கே போகிறார்? இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேர் நேரே புத்தூர் கட்டு போடப் போகிறார்கள். மூங்கில் பத்தை, துணி, எண்ணெய், ஒரு மாதம் ஓய்வு. கோரிமேடு ஜிப்மரிலோ மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையிலோ உங்கள் செவிலியர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். வர வேண்டியவர் கட்டு வைத்தியர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று. பிரிட்டனில் 70 முதல் 85 வயது வரையுள்ள 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2018இல் வந்தது. தேடிப் பரிசோதித்த குழுவில் இடுப்பு முறிவு 28 விழுக்காடு குறைந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பாகூர் மகள்:
அதே ஆய்வில் எலும்புப்புரை முறிவுகளின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மேலும், அங்கே எல்லோரையும் ஸ்கேனில் படுக்க வைக்கவில்லை. ஃபிராக்ஸ் என்னும் கேள்விப் பட்டியலை முதலில் நிரப்பினார்கள். வயது, எடை, உயரம், முன்பு முறிவு உண்டா, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகை, மது, எலும்பைக் கரைக்கும் ஸ்டீராய்டு மருந்து. அதில் ஆபத்து அதிகம் என்று வந்தவர்களுக்கு மட்டும்தான் ஸ்கேன். உங்கள் மண்டபத்தில் கேள்வியே கேட்காமல் குதிகாலைப் பிடித்தார்கள்.

கட்டு வைத்தியர் விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. அவரைத் திட்டிப் பயனும் இல்லை. 50 வயதுக்கு மேல் லேசாக விழுந்து முறிந்தவரைக் கட்டு அவிழ்த்ததும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி அவரிடமே பேச வேண்டும்.

முதுநகர் மருந்துக்கடை:
இரண்டு பேரும் கண்டுபிடிப்பதைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். கண்டுபிடித்த பிறகு நடப்பதைக் கடையில் நான் பார்க்கிறேன். எலும்புப்புரைக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை, 70 மில்லிகிராம், வாரத்துக்கு ஒன்று, விலையும் பெரிதில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். நம் ஆட்கள் காபியோடு போட்டுக்கொண்டு மறுபடியும் படுத்துவிடுகிறார்கள். நெஞ்சு எரிகிறது. மாத்திரை ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். கால்சியத்தை மட்டும் வாழ்நாள் முழுக்க வாங்குகிறார்கள், அது இனிப்பாக இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்னும் எலும்புப்புரை ஊசி இன்னும் மோசமான கதை. ஓர் ஊசி போட்டு, அடுத்ததற்குப் பணமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து முள்ளெலும்புகள் அடுத்தடுத்து முறியலாம். தொடர முடியாதவருக்கு அதைத் தொடங்கவே கூடாது.

சந்தேகசாமி:
பார்த்தீர்களா! இந்த மருந்துகளால் தாடை எலும்பு அழுகும், தொடை எலும்பு தானாக முறியும் என்றும் படித்தேன்.

முதுநகர் மருந்துக்கடை:
உண்டு, மிக அரிது. பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே பிடுங்கிவிடச் சொல்வதும், சில ஆண்டுகள் கழித்து மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவர் மறுபடி பார்ப்பதும் அதனால்தான். ஏற்கெனவே முறிந்தவருக்கு அடுத்த முறிவின் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது.

கெடிலக்கரையான்:
சரி, எல்லோருக்கும் ஸ்கேன் என்பதை விடுகிறேன். கேள்விப் பட்டியல் எல்லோருக்கும் வேண்டும் என்பதை விட மாட்டேன். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வருகிறார்களே, அவர்களே கேட்கட்டும்.

பாகூர் மகள்:
அது தமிழ்நாட்டுத் திட்டம். கடலூருக்கு வருகிறவர் புதுச்சேரியில் இருக்கும் பாகூருக்கு வர மாட்டார். பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் அரசு வேறு. எங்களுக்கு ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுக்கலாம். பட்டியலைச் சுருக்குங்கள். ஏற்கெனவே நோட்டு நோட்டாக எழுதி ஓய்ந்துபோயிருக்கிறார்கள். உயரம் குறைந்திருக்கிறதா, லேசாக விழுந்து எங்காவது முறிந்ததா, சிறு வயதிலேயே கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்ததா, அப்போது சினைப்பையையும் எடுத்தார்களா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சினைப்பை போனால் எலும்பு சீக்கிரமே கரையத் தொடங்கும். 38 வயதில் இரண்டையும் எடுத்துக்கொண்டவருக்கு 60 வயது வரை காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

முதுநகர் மருந்துக்கடை:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்குச் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பொட்டலத்தை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஆண்களிடமும் கேளுங்கள், அவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள்.