விளம்பரம் இல்லாத இலவசச் செயலிகள்: உங்கள் அனுபவம் என்ன?

சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) ஆசிரியை
இன்னும் மனம் ஆறவில்லை. தைப்பூச விரத நாட்கள். கோயில் கூடத்தில் என் மாணவி கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்து, இலவச பக்திப் பாடல் செயலி ஒன்றைத் திறந்தாள். காவடிக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த ஆயாமார் சேர்ந்து பாடினார்கள். முருகன் பெயரைச் சொல்லும் இடத்தில் பாட்டு அறுந்து, சூதாட்ட விளம்பரம் கூடம் அதிர அலறியது. அந்தப் பிள்ளை எங்கெங்கோ தட்டினாள். மூடும் குறி உடனே வரவில்லை. அவள் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு பாடல்களைக் கோப்புகளாகச் சேர்த்து, பாட்டும் படமும் ஓட்டும் விஎல்சி செயலியில் போட்டுக் கொடுத்தேன். அது 1996இல் பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய முயற்சியிலிருந்து வந்தது, விளம்பரமே கிடையாது.

வெருலம் ஓட்டுநர்
என் தேர்வு ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலி. இங்கே 2022 ஏப்ரலில் வந்த வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. சிக்னல் இல்லை, அம்மாவின் மருந்து என் வண்டியில். முன்விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன், தார்ச்சாலை பாதியில் முடிகிறது. கீழே பழுப்பு நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடுகிறது. முன்பே இறக்கி வைத்திருந்த வரைபடத்தில் கரும்புத் தோட்டத்து மண்பாதைகூட இருந்தது. அந்த வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத் திட்டத்தின் தன்னார்வலர்கள் வரைந்த பாதை அது. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பீனிக்ஸ் கணக்காளர்
ஆசிரியை அம்மா, விளம்பரம் இல்லை என்பதற்காக மட்டும் எதையும் நம்பிவிட முடியாது. மின்வெட்டுக்காக அப்பா இறக்கிய டார்ச் செயலி, தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. விளக்கெரிய என் அத்தையின் எண் எதற்கு? 2013இல் அமெரிக்க வணிக ஆணையம் இப்படி ஒரு டார்ச் செயலியின் மீது நடவடிக்கை எடுத்தது. பயனர்களின் இருப்பிடத்தை அது விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்தது. ஆகவே எல்லோரும் கவனியுங்கள். பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்கு அருகே ‘விளம்பரங்கள் உள்ளன’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கீழே தரவுப் பாதுகாப்புப் பகுதியைப் படியுங்கள். செயலியை நடத்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சிக்னல் என்ற செய்தி அனுப்பும் செயலிக்கு விடை தெளிவாக இருக்கிறது: வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2018இல் 5 கோடி டாலர் கொடுத்து அறக்கட்டளை அமைத்தார், நன்கொடையும் வருகிறது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்திலும் தேடலாம். அங்கே திறந்த மூல நிரல் (யாரும் படித்துப் பார்க்கக்கூடிய நிரல்) உள்ளவை மட்டுமே இருக்கும், விளம்பரமோ வேவு பார்ப்பதோ இருந்தால் எச்சரிக்கைக் குறிப்பும் இருக்கும். ஒரு செயலி பயன்பட்டால் அதை நடத்துபவர்களுக்கு நீங்களும் கொஞ்சம் ராண்ட் அனுப்புங்கள்.

வெருலம் ஓட்டுநர்
தம்பி, எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நான் சொன்ன வரைபடத்தின் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இணையத்தையே அணைத்துவிட்டாலும் அது வழி காட்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி
2023 மின்வெட்டில் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து இணையம் போய்விடும். இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்திருந்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, தம் கொள்ளுத்தாத்தாவின் மாவட்டம் என்று உரக்கப் படித்தார். எனக்கும் ஒன்று வேண்டும்: டர்பன் சூரிய உதயத்தைக் கொண்டு ராகுகாலம் கணிக்கும், விளம்பரமில்லாத பஞ்சாங்கச் செயலி. நான் பார்த்தவை சென்னை நேரத்தையே காட்டுகின்றன. யாரிடமாவது இருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.