வங்கிக் காவலர் சொன்ன "இபு"

செல்வி: அம்மா, இங்கே ஜகார்த்தாவில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற காவலர் "செலாமத் பாகி, இபு" என்றார். "காலை வணக்கம், அம்மா" என்று அர்த்தம். எனக்கு 26 வயதுதானே? மனது சுருங்கிவிட்டது.

அம்மா: கண்ணு, கடைக்காரர் உன்னை "வாங்கம்மா" என்று கூப்பிட்டதில்லையா? அது மரியாதை.

பெரிய மாமா: தங்கச்சி சொல்வது சரி. அங்கே கல்யாணம் ஆனதா, பிள்ளை உண்டா என்று பார்ப்பதில்லை. ஆசிரியை, அதிகாரி, அமைச்சர் எல்லோருமே இபு. சுருக்கமாக "பு". நம் மலேசியாவில் அந்த இடத்தில் "புவான்" என்கிறோம்.

தம்பி: மாமா, பள்ளியில் தலைநகரை "இபு நெகாரா கோலாலம்பூர்" என்று படித்தேனே?

செல்வி: இங்கே அப்படிச் சொல்லாதே தம்பி! இந்தோனேசியாவில் இபு நெகாரா என்றால் அதிபரின் மனைவி. தலைநகரை "இபு கோத்தா" என்கிறார்கள்.

பெரிய மாமா: கோத்தா நம் கோட்டைக்கு உறவுக்காரச் சொல். இபு அப்படியில்லை, மலாயின் சொந்தச் சொல். எனக்கு அதில் பெரிய மோகம் உண்டு. கட்டைவிரல் "இபு ஜாரி", விரல்களுக்குத் தாய். தலைமையகம் "இபு பெஜாபாட்". மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் "இபு ரோட்டி", ரொட்டிக்கே அம்மா! நாமும் தாய்நாடு, தாய்மொழி என்கிறோம். விரலுக்கும் மாவுக்கும் அந்தப் பெயரைக் கொடுக்க நமக்குத் தோன்றவில்லையே.

பாட்டி: எஸ்டேட் பக்கத்து மலாய்க் கிராமத்தில், அதான் கம்பத்தில், பிள்ளைகள் தாயை "மாக்" என்றுதான் கூப்பிடுவார்கள். இபு என்று யாரும் ஓடி வந்து நான் பார்த்ததில்லை.

பெரிய மாமா: உண்மைதான் அம்மா. பல வீடுகளில் மாக், எமாக். அரண்மனைப் பேச்சில் "போண்டா". இபு என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வது போல.

செல்வி: இங்கே அன்னையர் தினம் மே மாதத்தில் இல்லை, டிசம்பர் 22. 1928இல் யோக்யகர்த்தாவில் பெண்களின் முதல் மாநாடு தொடங்கிய நாள். பெண் கல்வி, திருமணச் சட்டம் பற்றியெல்லாம் பேசினார்களாம். அதைத்தான் "ஹாரி இபு" என்கிறார்கள். இதை அறிந்த பிறகு காவலரின் குரல் வேறு மாதிரி கேட்கிறது.

அம்மா: இனி வருத்தமில்லையே?

செல்வி: இல்லை அம்மா. நாளை நானே அவருக்கு முதலில் வணக்கம் சொல்கிறேன். ஐயா என்பது போல "பாக்" என்று அழைக்கலாம் அல்லவா, மாமா?

பெரிய மாமா: தாராளமாக. "செலாமத் பாகி, பாக்" என்று சொல்.