ரா படம் கேமராவில் பளிச், லேப்டாப்பில் இருட்டு: காசிமேட்டில் எடுத்தவை, உதவி வேண்டும்

பழைய வண்ணை:

வணக்கம். வேலை ஆறு நாள், கேமரா ஒரு நாள் என்று ஓடுகிறவன் நான். நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 லென்ஸ், வயதான ஒரு லேப்டாப். ஞாயிறு விடியற்காலை நாலரைக்குக் காசிமேடு போய்விடுவேன். ஏலக் கூட்டம், ஐஸ் உடைக்கிறவர்கள், வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டே இருந்தால் படகுகளுக்குப் பின்னால் சூரியன் வந்துவிடும். வெயில் ஏறியதும் ராயபுரம் ஸ்டேஷன் தூண்களை நாலு எடுத்துவிட்டு, ஒரு டீ, வீடு.

இரண்டு மாதம் முன்பு வரை கேமராவே முடித்துத் தரும் ஜேபெக்தான். நண்பர் பேச்சைக் கேட்டு ராவுக்கு (RAW, கேமரா பதப்படுத்தாமல் தரும் கோப்பு) மாறினேன், அன்றிலிருந்து தலைவலி. கேமராத் திரையில் படம் அருமையாக இருக்கிறது. படகு, சூரியன், முன்னால் கூடையோடு நிற்கும் அக்காவின் முகம் எல்லாமே தெரிகிறது. அதையே லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்தால் ஒரு விநாடி அதே பளபளப்போடு வருகிறது, அப்புறம் என் கண் முன்னாலேயே சப்பென்று மங்கிவிடுகிறது. முகத்தில் கரி பூசினாற்போல் இருட்டு. கார்டை மாற்றிப் பார்த்தேன், அதே கதை. கேமரா கெட்டுவிட்டதா?

இன்னொரு வம்பும் இருக்கிறது. அங்கே யாரை எடுத்தாலும் "எனக்கு வாட்ஸ்அப்பில போட்டு விடு தம்பி" என்பார்கள். நியாயம்தானே. ஜேபெக் காலத்தில் அங்கேயே நின்று போனுக்கு மாற்றி அனுப்பிவிடுவேன். இப்போது ராவை அப்படி அனுப்ப முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். இரண்டையும் சேர்த்து எடுத்தால் 16 ஜிபி கார்டு தாங்குமா?

கொருக்குப்பேட்டை கேட்:

லேப்டாப் திரை வெளிச்சம் குறைவாக இருக்கும். ஏற்றிப் பாருங்க ப்ரோ.

பழைய வண்ணை:

ஏற்றியாச்சு. பக்கத்திலேயே பழைய ஜேபெக் படங்களைத் திறந்தால் அவை சரியாகத்தான் தெரிகின்றன.

ஸ்டூடியோ பெரியவர்:

தம்பி, ஸ்லைடு ஃபிலிமில் வேலை செய்தவன் சொல்கிறேன். அதில் வெளிச்சக் கணக்கு அரை ஸ்டாப் தவறினாலே படம் போச்சு. அதனால் எடுக்கும்போதே வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கக் கற்றோம். இப்போது எல்லாரும் "ராவில் சரி பண்ணிக்கலாம்" என்று அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் லீவில் உனக்கு எதற்கு இந்த வேலை? ஜேபெக் போதும்.

கல்மண்டபம்:

பெரியவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் அவர் ஸ்டூடியோவில் விளக்கு அவர் சொன்ன இடத்தில் நிற்கும். காசிமேட்டில் சூரியன் யார் பேச்சையும் கேட்காது.

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரா என்பது சென்சார் பிடித்த தகவல், சமைக்காத அரிசி மாதிரி. அதை அப்படியே திரையில் காட்ட முடியாது. அதனால் கேமரா ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் தானே சமைத்த ஒரு சின்ன ஜேபெக்கையும் ஒட்டிவைக்கிறது. பின்திரையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். லைட்ரூமில் முதல் ஒரு விநாடி தெரிந்ததும் அதுதான். பிறகு லைட்ரூம் அதைத் தள்ளிவிட்டுத் தன் கைப்பக்குவத்தில் சமைக்கிறது. நீங்கள் கேமராவில் வைத்த பிக்சர் கன்ட்ரோல் (நிறத்துக்கும் பளிச்சுக்குமான அமைப்பு), கூர்மை எதையும் அது அப்படியே எடுத்துக்கொள்ளாது. சப்பென்று மங்குகிறது என்று நீங்கள் சொல்வது இதனால்.

ஆனால் முகம் கரியாகிற அளவுக்கு இருட்டு என்றால் எனக்கு வேறொன்றின் மீது சந்தேகம். மெனுவில் ஆக்டிவ் டி-லைட்டிங் என்று ஒன்று இருக்கும். என்ன வைத்திருக்கிறீர்கள்?

பழைய வண்ணை:

இப்போதுதான் பார்த்தேன். ஹை என்று இருக்கிறது. எதிர்வெயிலுக்கு நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்து ஜேபெக் காலத்தில் நானே வைத்தது. மறந்தே போனேன்.

கல்மண்டபம்:

அகப்பட்டான் திருடன். எதிர்வெயிலில் வானம் வெளுத்துப்போகாமல் இருக்க, இந்த வசதி முதலில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் படம் பிடிக்கும். அப்புறம் ஜேபெக் செய்யும்போது நிழலான இடங்களை மட்டும் தூக்கிவிடும். குறைப்பது படம் பிடிக்கும் நேரத்திலேயே நடப்பதால் ராவிலும் பதிந்துவிடும். தூக்கிவிடுவது கேமராவின் ஜேபெக் சமையலில் மட்டும். லைட்ரூமுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதனால் உங்களுக்குக் குறைத்தது மட்டும் வந்து சேர்கிறது.

ரா எடுக்கும் நாளில் அதை அணைத்துவிடுங்கள். ஏற்கனவே எடுத்தவற்றை நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோவில் திறங்கள். இலவசம்தான். கேமராவில் வைத்தவற்றை அது படிக்கும் என்பதால் பின்திரையில் பார்த்த படமே கிட்டத்தட்ட வரும். லைட்ரூமை விட மனசில்லை என்றால் ப்ரொஃபைலில் கேமரா மேட்சிங் (கேமராவின் நிறத்தை ஒத்தது) என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எக்ஸ்போஷரையும் (மொத்த வெளிச்சம்) ஷேடோஸையும் (நிழல் பகுதி) நீங்களே ஏற்றுங்கள். எதுவும் தொலையவில்லை, உள்ளேதான் இருக்கிறது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், உங்கள் கேமராவின் 14 பிட் ராவில் 16,384. இருட்டைத் தூக்கும்போது ஜேபெக் திட்டுத் திட்டாக உடைந்துபோவதும் ரா தாங்குவதும் அதனால்தான்.

அப்புறம், அங்கே மீன்காரர்கள் தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்களே, அதன் கீழ் நிற்கிறவர்கள் முகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். ஜேபெக்கில் அதைச் சரிசெய்தால் மீனின் நிறம் கெடும். ராவில் வெள்ளைச் சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறக் கணக்கு) பூட்டப்படாததால் நிம்மதியாக இழுத்து நிறுத்தலாம். பெரியவருக்கு என் பதில் அந்தத் தார்ப்பாய்தான்.

ஸ்டூடியோ பெரியவர்:

தார்ப்பாயை ஒத்துக்கொள்கிறேன். ஒரே காலையில் நானூறு படம் அள்ளுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நாற்பது எடுக்கச் சொல்.

எண்ணூர் முகத்துவாரம்:

வாட்ஸ்அப் விஷயத்துக்கு: டி5600-இல் ரீடச் மெனுவுக்குள் ரா ப்ராசஸிங் இருக்கிறது. கேட்டவரின் படத்தை மட்டும் கேமராவுக்குள்ளேயே ஜேபெக் ஆக்கி, அதைப் போனுக்கு மாற்றலாம். ஆனால் ஏலத்துக்கு நடுவில் நின்று மெனுவுக்குள் நுழைந்தால் கூடை சுமந்து வருகிறவர்களிடம் திட்டு வாங்குவீர்கள், நான் வாங்கியிருக்கிறேன். அதைவிட ராவோடு ஜேபெக் பேசிக் (தரம் குறைந்த சிறிய ஜேபெக்) என்று வைத்துவிடுங்கள், வாட்ஸ்அப்புக்கு அது போதும். ஒரு ரா 25 எம்பிக்கு முன்னே பின்னே வரும், பேசிக் ஜேபெக் அதில் ஒரு சிறு பங்குதான். 16 ஜிபியில் ஐந்நூறு படம் தேறும். ஒரு 64 ஜிபி வாங்கிக்கொண்டால் இந்தக் கணக்கே வேண்டாம். ஒன்று மட்டும்: பருந்து கூட்டமாக இறங்கும்போது ரா, ஜேபெக் இரண்டையும் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே கேமரா மூச்சு வாங்கும். அப்போது ஏதாவது ஒன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நான் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில்தான் அதிகம் எடுப்பேன். பனிக்காலத்தில் பழவேற்காடு, பூநாரைகளுக்கு. அந்த வெள்ளை இறகில் ஜேபெக்கை நம்பிப் பல படங்களைப் பறிகொடுத்தவன் என்பதால் ரா பக்கம்தான் என் ஓட்டு. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கேமராவைத் துடையுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.

கல்மண்டபம்:

ஆத்திர அவசரமில்லாமல் பழக வேண்டுமானால் தடைக்காலத்தில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரிசையாகக் கட்டிப்போட்டு, பெயிண்ட் அடித்துக்கொண்டு, வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். பேச்சுக்கும் நேரம் இருக்கும்.

பழைய வண்ணை:

இந்த ஞாயிறு போய் வந்தேன். ஆக்டிவ் டி-லைட்டிங்கை அணைத்தேன், ரா கூட பேசிக். பெரியவர் சொன்ன நாற்பது முடியவில்லை, நூற்றுப்பத்தில் நிறுத்தினேன். லைட்ரூமில் இப்போதும் கொஞ்சம் சப்பென்றுதான் வருகிறது, ஆனால் அந்தக் கரி இல்லை. பழைய படங்களும் என்எக்ஸ் ஸ்டூடியோவில் பிழைத்துக்கொண்டன.

கூடைக்கார அக்காவை மறுபடி எடுத்து, அங்கேயே ஜேபெக்கை அனுப்பினேன். முகத்துக்கு வெளிச்சம் வைத்து எடுத்திருந்தேன், எனக்குத் திருப்தி. அவர் பார்த்துவிட்டு, "என் மூஞ்சிய யாரு கேட்டா, பின்னாடி நிக்கிறது எங்க படகு, நம்பரே தெரியலியே" என்றார். வெயிலில் படகு வெளுத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து ராவைத் திறந்து ஹைலைட்ஸை (வெளுத்த பகுதி) இறக்கினால் நம்பர் முழுசாக வந்துவிட்டது. நேற்று ராத்திரி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

எண்ணூர் முகத்துவாரம்:

கடலுக்குப் போயிருந்தவர்கள் திரும்பியிருப்பார்கள், ஏலத்தில் நிற்பார். மதியம் பாருங்கள்.